"கண்டுகொள்ளாமல் விடுங்கள்"னு நீங்க போட்ட தீபாவளி டிப்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

தீபாவளி இணைப்புல அதிரச ரெசிபிக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவுல செல்லப்பிராணி டிப்ஸ்னு ஒரு கட்டம் போட்டிருந்தீங்க. "வெடிச்சத்தத்துக்கு நாய் நடுங்கும்போது தடவிக் கொடுக்காதீர்கள், பயம் பழக்கமாகிவிடும், கண்டுகொள்ளாமல் விடுங்கள்." எழுதினவங்க வீட்ல நாய் இருக்கான்னு கேக்க மாட்டேன், கேட்டா தப்பா எடுத்துக்குவீங்க.

எங்க வீட்ல இருக்கறது சிப்பிப்பாறை. முயல் வேட்டைக்குப் பேர் போன ஜாதி நாய்னு பொங்கலுக்குப் பொங்கல் நீங்களே பெருமையா எழுதுவீங்களே, அதேதான். மொத வெடி கேட்டதும் கிரைண்டருக்கும் செவுத்துக்கும் நடுவுல இருக்கிற சந்துல போய் சொருகிக்கும், எச்சி ஒழுகி தரையே நனைஞ்சிடும், பின்னங்கால் ரெண்டும் வெடவெடன்னு உதறும், பக்கத்துல உக்காந்து நெஞ்சுல கைய வச்சு அணைச்சுப் புடிச்சாதான் கொஞ்சமாவது அடங்கும். பயம் என்ன சொல்லிக் குடுத்து வர்ற வித்தையா சார், தடவிக் குடுத்தா கூடிப் போக? எங்க கால்நடை டாக்டரும் இதத்தான் சொன்னார், கூட இரும்மா, ஒளியணும்னா ஒளிய விடு, இழுத்து வெளிய போடாத, ஜன்னல சாத்திட்டு டிவிய போட்டு விடுன்னு.

அடுத்த வரி இன்னும் மோசம், "பாதி தூக்க மாத்திரை கொடுக்கலாம்". எந்த மாத்திரை, எத்தன கிலோ நாய்க்கு, ஒண்ணும் கிடையாது. சில மயக்க மருந்துல உடம்பு மட்டும்தான் அசையாம கிடக்கும், உள்ள பயம் அப்படியே இருக்கும், பாக்கிறவங்க நிம்மதியா தூங்குதுன்னு நெனச்சுக்குவாங்க. பயத்துக்குன்னே டாக்டருங்க எழுதிக் குடுக்கற மருந்து தனியா இருக்கு, அதையும் சத்தம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே குடுத்துடணும்.

வெடி வெடிக்க அரசாங்கம் குடுத்த நேரம் காலைல 6 டு 7, சாயங்காலம் 7 டு 8னு வருஷா வருஷம் கட்டம் கட்டிப் போடுறீங்க, எங்க தெருவுல விடிய நாலு மணிக்கே ஆரம்பிச்சது உங்க நிருபர் காதுல மட்டும் விழல போல. 4 மீட்டர் தூரத்துல 125 டெசிபல தாண்டக் கூடாதுன்னு 1999லயே விதி இருக்கு, சரவெடிக்கு 2018ல சுப்ரீம் கோர்ட்டே தடை போட்டாச்சு. ஆனா யாராவது தலைவர் ஊருக்கு வந்தா பத்தாயிரம் வாலா புகைக்கு நடுவுல கும்பிடுற போட்டோ உங்க மொத பக்கத்துலதான் வருது. அப்புறம் எழவு ஊர்வலம், கோயில் கொடை, காதுகுத்து... தீபாவளியோட சத்தம் முடிஞ்சு போற மாதிரிதான் நீங்க எழுதுறீங்க.

நான் பட்டாசுக்கு எதிரி இல்ல, எங்க சொந்தக்காரங்க பாதிப் பேருக்கு சிவகாசிதான் சோறு போடுது. பறவைங்களுக்காக வெடி வெடிக்காத கொள்ளுகுடிப்பட்டிய பத்தி தவறாம எழுதுறீங்க, சந்தோஷம், நாயும் உசுருதான சார்? போன வருஷம் இதே விஷயமா எழுதினேன், நாய் பத்தின பகுதி மொத்தத்தையும் வெட்டிட்டு "தீபாவளி மலர் அருமை"ங்கிற ஒத்த வரிய மட்டும் போட்டீங்க, ரொம்ப நன்றி.

நான் கேக்கறது இவ்ளோதான். இந்த டிப்ஸ தீபாவளியன்னிக்குப் போடாதீங்க, ஆடி மாசமே போடுங்க. செல்போன்ல வெடிச்சத்தத்த ரொம்ப மெதுவா வச்சு, கூடவே வேகவச்ச ஈரல் துண்டு குடுத்து, நாய் அசராம இருந்தா மட்டும் சத்தத்த கொஞ்சம் கூட்டி, இப்படிப் பழக்க வாரக்கணக்குல ஆகும், ஒரே நாள்ல நடக்கற காரியமில்ல. அந்த ரெண்டு வரியும் தப்புன்னு திருத்தம் ஒண்ணு போடுங்க, வரன் தேவை பக்கத்துக்கு அடியில போட்டாக்கூட சரி.

இப்படிக்கு,
வாசகி, விருதுநகர்