முரளி சங்கதி

சுங்கை சிப்புட்

டேய் குணா,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, திட்டுவாய், திட்டிக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். கோழிக்கடை ராஜு உன் 20 வெள்ளியை இன்னும் மறக்கவில்லை.

தம்பி முரளியைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன வருடக் கடைசியில் தூக்கம் போனது, அப்புறம் செம்பனைக் காட்டிலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றான், சோற்றில் ஏதோ கலக்கிறோம் என்று தட்டைத் தள்ளினான். ஸ்கீசோஃப்ரினியா என்கிற மனநோய் என்றார்கள். பள்ளியில் யாரையாவது சீண்ட ‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்’ என்போமே, அந்த மனநல மருத்துவமனையைச் சொல்லி, நீயும் நானும்தான் அதிகம் சொன்னது. இப்போது நினைத்தால் கூசுகிறது. அதனாலேயே உன்னிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

ஓலன்சபின் கொடுத்தார்கள். நல்ல மருந்துடா, ஒரு மாதத்தில் குரல்கள் அடங்கின, தட்டை அவனே நீட்டினான், அம்மா அடுப்படியில் நின்று அழுதார். அப்புறம் காலையில் ரொட்டி சானாய் மூன்று, இரவு இரண்டு மணிக்கு மைலோ டின் திறக்கிற சத்தம். பிள்ளை தேறுகிறான் என்று நாங்களும் அள்ளி அள்ளி வைத்தோம். மூன்று மாதத்தில் 11 கிலோ! பந்து விளையாடப் போன இடத்தில் எவனோ ஏதோ சொல்லியிருக்கிறான், அன்றிலிருந்து மாத்திரையைத் தலையணை உறைக்குள் ஒளித்திருக்கிறான். மூன்றாவது வாரம் குரல்கள் திரும்பிவிட்டன.

முதல் நாளே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது பார்க்கிற டாக்டரம்மாதான் உட்காரவைத்துச் சொன்னார்: இது பெருந்தீனி இல்லை, மூளையில் ஹிஸ்டமினும் செரோட்டோனினும் வேலை செய்கிற இடங்களை மருந்து அடைப்பதால் பசி அடங்குவதே இல்லை. எடை வேகமாக ஏறுவது முதல் சில மாதங்களில்தான், ஏறியதை இறக்குவதைவிட ஏறாமல் பிடிப்பது சுலபம். இந்த நோய்க்கான மருந்துகளில் ஓலன்சபினும் குளோசபினும் இதில் மோசம், அரிப்பிபிரசோல் போன்றவற்றில் குறைவு, ஆனால் இவனுக்குப் பலன் தந்த மருந்தை இப்போது மாற்ற வேண்டாம் என்றார். கூடவே மெட்ஃபோர்மின் எழுதினார், நம் அப்பா இனிப்பு நீர் வியாதிக்குப் போட்டாரே, அதேதான். சாப்பாட்டோடு 500 மில்லிகிராமில் தொடங்கி மெல்லக் கூட்டுகிறார்கள். முதல் வாரம் வயிற்றுப்போக்கு, இப்போது சரி. ஓலன்சபினோ குளோசபினோ தொடங்கும் அன்றே இதையும் சேர்க்கலாம் என்று 2024இல் டாக்டர்களுக்கு ஒரு வழிகாட்டியே வந்திருக்கிறதாம். எங்களுக்கு அது தெரியாமல் போன மூன்று மாதம்தான் தொண்டையில் நிற்கிறது.

இப்போது திங்கள்தோறும் காலையில் எடை பார்த்து நாள்காட்டியில் எழுதுகிறோம். இடுப்பும் அளக்கிறோம், நம் ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லையாம். இரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் தவணை தவறாமல் பார்க்கிறார்கள். பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் தேநீருக்கு அவன் பழகிவிட்டான். அம்மாதான் பழகவில்லை, மைலோ டின்னைச் சாமி அலமாரிக்குள் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் நானும் அவனும் பழைய ரப்பர் ஆலை வரை நடக்கிறோம், போகும்போது பேசமாட்டான், திரும்பும்போது பேசுவான். ஆறு வாரமாக எடை ஏறவில்லை, போன திங்கள் ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. மாத்திரையை என் முன்னால்தான் விழுங்குகிறான்.

தீபாவளிக்கு வருவாய்தானே? வாசலிலேயே ‘என்னடா குண்டாகிவிட்டாய்’ என்று ஆரம்பிக்கிற ஆள் நீ. அதை மட்டும் சொல்லாதே. பலகார டின்னும் வேண்டாம். ஒரு ஜெர்சி வாங்கி வா, எக்ஸ்எல், பழைய ஏழாம் நம்பர்.

உன்,
சேகர்