கம்பன் கழகங்களுக்கு: பாலக்காட்டுப் புலவர்களையும் மேடைக்கு அழையுங்கள்

மதிப்பிற்குரிய கம்பன் கழகத்து அன்பர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்தால் காரைக்குடிக்கும் நாட்டரசன்கோட்டைக்கும் பை தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். 1939-இல் சா. கணேசன் தொடங்கிவைத்த அந்தக் கம்பன் விழாதான் என்னைக் கம்பனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நாம் பந்தலில் உட்கார்ந்து கம்பனைக் கேட்கிற அதே நாட்களில், பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பகவதி கோயில்களில் இரவு முழுக்கக் கம்பன் பாட்டு ஒலிக்கிறது. தமிழில்தான். தோல்பாவைகளின் நிழலைத் திரையில் விழவைத்து ராமகதை சொல்லும் தோல்பாவைக்கூத்து அது. சில கோயில்களில் 7 இரவு, சிலவற்றில் 14, 21. 71 இரவு வரை போகும் மரபும் உண்டு. பாவைகளை ஆட்டிப் பாடி உரை சொல்கிறவர்களை அங்கே 'புலவர்' என்றே அழைக்கிறார்கள்.

பத்ரகாளி தாருகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தபோது ராவண வதம் முடிந்துவிட்டதாம். அவளால் பார்க்க முடியவில்லை. அவளுக்காகத்தான் வருஷா வருஷம் அந்தக் கதையை நடத்திக் காட்டுகிறார்கள். கூத்து நடக்கும் மேடையான கூத்துமாடம் அம்மனைப் பார்த்தே நிற்கும். நாம் போனாலும் போகாவிட்டாலும் கூத்து நிற்காது.

ஷொர்ணூர்ப் பக்கம் ஒரு கோயிலில் ஓர் இரவு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். அம்மன் அருள் வந்து ஆடும் வெளிச்சப்பாடு வந்து வாக்குச் சொல்லிவிட்டுப் போனபோது ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் நானும், துண்டை விரித்துப் படுத்துவிட்ட ஒரு பெரியவரும்தான். மாடத்துக்குள் வந்து பார்க்கச் சொன்னார்கள். 42 அடி நீளத் திரை, மேல்பாதி வெள்ளை, கீழே கறுப்பு. அதன் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி ஏற்றிய 21 விளக்குகள் வரிசையாக எரிந்தன. வெக்கை முகத்தில் அறைந்தது. ராமனையும் வீடணனையும் முள்ளால் திரையில் குத்தி நிறுத்திவிட்டு, கும்பகருணன் களம் புகும் பாட்டை ஒருவர் எடுத்தார். மலையாள நாக்கில் வல்லினம் கொஞ்சம் குழைந்தது. ஒரு சீர் இடம் மாறியிருந்தது. விருத்தத்தின் நடை மட்டும் அப்படியே கம்பன் நடை. பாடி முடித்த கையோடு உரை. ஒரு சொல்லுக்குப் பொருள், அதற்கொரு கிளைக்கதை. பக்கத்தில் இருந்த புலவர் ராமனாக நின்று சந்தேகம் கேட்கிறார், இவர் வீடணனாக விளக்குகிறார். ஒரே பாட்டுக்குக் கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் பாவைகள் அசையவில்லை. அப்புறம் போர் மூண்டதும் எழுபறை மேளமும் இலத்தாளம் என்ற கைத்தாளமும் முழங்க, ஒருவர் குங்கிலியப் பொடியை விளக்கில் வீச, திரையே தீப்பிடித்ததுபோல் இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இனி மனக்குறைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரத்துக் கம்பன் விழாவுக்கு ஒரு பாவைக்கூத்துக் குழுவை அழைத்திருந்தார்கள். பட்டிமன்ற நடுவர் வந்து சேரும்வரை மேடையை நிரப்பச் சொல்லி 20 நிமிடம் ஒதுக்கினார்கள். "பாட்டு, விளக்கமெல்லாம் வேண்டாம், பொம்மையை மட்டும் ஆட்டிக் காட்டுங்கள், குழந்தைகள் பார்க்கட்டும்" என்று என் காதுபடவே சொன்னார்கள். அந்தக் குழுவின் மூத்தவர் ஒன்றும் பேசாமல் பெட்டியைத் திறந்தார். கம்பன் விழாவில், கம்பன் பாட்டை விட்டுவிடச் சொல்லி! இன்றைக்கும் நினைத்தால் ஆறவில்லை.

கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர் இந்தக் கூத்தைக் கோயிலுக்கு வெளியேயும் கொண்டுவந்தார். அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தக் குடும்பத்துப் பெண்களும் இப்போது பாவை எடுக்கிறார்கள். எல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் உலகம் இவர்களைப் பாவைக் கலைஞர்களாகத்தான் அறிந்திருக்கிறது. கம்பனுக்கு உரை சொல்லும் பரம்பரை என்று அறிந்து சொல்ல வேண்டியவர்கள் நாம்.

பாடம் சிதைந்திருக்கிறதே என்பார் சிலர். 'ஆடல்பற்று' என்று அவர்கள் சொல்லும் கூத்து நூலில் கம்பன் பாட்டோடு வேறு பாட்டும் கலந்திருப்பது உண்மைதான். நம் அச்சுப் பதிப்புகளின் அடிக்குறிப்பில் மட்டும் பாடபேதம் இல்லையா? தமிழ் வீட்டுமொழியாக இல்லாத ஊரில், காது வழியாகவே தலைமுறை தலைமுறையாகக் கம்பனைக் காப்பாற்றியவர்களிடம் நாம் முதலில் காது கொடுக்க வேண்டும். மாறிய சொற்களை அப்புறம் எண்ணிக்கொள்ளலாம்.

அடுத்த விழாவில் ஓர் இரவு முழுவதையும் அவர்களுக்குக் கொடுங்கள். பட்டிமன்றம் ஒன்று குறைந்தால் குறையட்டும். பகலில் உரையரங்கத்தில் நம் தமிழறிஞர்கள் பக்கத்திலேயே ஒரு புலவரை உட்காரவைத்து, ஒரே பாட்டுக்கு இருவரும் பொருள் சொல்லட்டும். எல்லாவற்றையும்விட அவசரமானது பதிவு. உரையில் பெரும்பகுதி மூத்தவர்களின் நினைவில்தான் இருக்கிறது. 21 இரவையும் ஒரு பாட்டு விடாமல், ஒரு கிளைக்கதை விடாமல் ஒலிப்பதிவு செய்து எழுத்தில் ஏற்றக் கழகங்கள் சேர்ந்து பணம் போட்டால் முடியும். என் பங்கை நான் தரத் தயார்.

கோயம்புத்தூரில் ரயிலேறினால் ஷொர்ணூர் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வருகிற மாசியில் நான் போகிறேன். உங்களில் யார் வந்தாலும் சேர்ந்தே போகலாம். பனி இறங்கும், ஒரு போர்வை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பந்தலில் வளர்ந்த ஒரு கம்பன் வாசகன்