தீபாவளிக்கு முந்தின வாரம் பி.டி. பீரியடைப் பிடுங்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் 19 வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். தீபாவளி நெருங்கினால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரே புலம்பல்தான், "பசங்களை உட்கார வைக்கவே முடியல." உண்மைதான். ஏழாம் வகுப்பில் 43 பேர். ஒருவன் ஜாமெட்ரி பாக்ஸில் பொட்டு வெடியை ஒளித்து வைத்திருக்கிறான், நான் போர்டு பக்கம் திரும்பியதும் காம்பஸ் முனையால் அதைப் பெஞ்சில் வைத்து உரசுகிறான், சட்டென்று ஒரு சத்தம், கந்தக வாசனை, அப்புறம் வகுப்பே சிரிக்கிறது. அன்றைக்கு அதோடு பாடம் போச்சு.

இதற்கு நாம் செய்வதெல்லாம் முட்டி போட வைப்பது, நூறு தடவை இம்போசிஷன், இல்லையென்றால் "அப்பாவைக் கூட்டிட்டு வா". 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனதை நோகடிப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. சரி, சட்டத்தை விடுங்கள், இதனால் வகுப்பு அடங்குகிறதா? என் அனுபவத்தில் அடங்கியதே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும். கிரவுண்டில் தண்ணீர் நின்றால் பி.டி. பீரியட் கிடையாது, போர்ஷன் முடிக்க அதையும் கணக்குக்கோ அறிவியலுக்கோ கொடுத்துவிடுகிறார்கள். நானே கேட்டு வாங்கியிருக்கிறேன், அது தப்பு. காலை ஒன்பதரையிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, மனசெல்லாம் பட்டாசாக இருக்கும்போது, ஓடவும் வழியில்லை என்றால் அவன் வேறு என்னதான் செய்வான்?

போன வருடம் ஒரு பையன் முதல் பீரியடிலேயே தூங்கி விழுவான். எழுப்பினால் பக்கத்துப் பையனிடம் சண்டைக்குப் போவான். இரண்டு நாள் வெளியே நிற்க வைத்தேன். மூன்றாம் நாள் நோட்டு திருத்தும்போது அவன் இடது கட்டைவிரலைப் பார்த்தேன், நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். அம்மா வீட்டில் ஜாக்கெட் தைக்கிறார், எம்.சி. ரோட்டில் புடவை எடுப்பவர்கள் எல்லாருக்கும் தீபாவளிக்குள் ஜாக்கெட் வேண்டும், இவன் ராத்திரி ஒரு மணி வரை ஹூக் வைத்துக் கொடுக்கிறான். அவனை வெளியே நிற்க வைத்ததை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை.

அதற்கப்புறம் நான் கொஞ்சம் மாறினேன். முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் பேசட்டும் என்று விட்டுவிடுகிறேன். காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 மணி வரைதான் வெடிக்கலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன். "யார் யார் டிரெஸ் எடுத்தாச்சு, கை தூக்குங்க" என்று மட்டும் கேட்பதே இல்லை. கை தூக்காத பிள்ளைகள் அன்றைக்கு முழுக்கத் தலை நிமிர மாட்டார்கள். விழுக்காடு பாடத்தை முன்னாடியே இழுத்துக்கொண்டு ஜவுளிக்கடை நோட்டீஸ்களை வைத்துத் தள்ளுபடிக் கணக்கு போடச் சொன்னேன், பொட்டு வெடிக்காரன்தான் முதலில் முடித்தான். அவன் வெடி ஒரு கவரில் அவன் பெயரோடு என்னிடம் இருந்தது, கடைசி நாள் அவன் அம்மா கையில் கொடுத்தேன். திட்டவில்லை.

தலைமை ஆசிரியர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வாரம் பி.டி. பீரியடில் கை வைக்காதீர்கள். மழை என்றால் வராண்டாவில் கேரம் போர்டாவது போடுங்கள். பள்ளி திறக்கிற முதல் நாளே டெஸ்ட் வைப்பதையும் விட்டுவிடுங்கள். ஊருக்குப் போய்விட்டு விடிகாலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கி, வீட்டில் பையைப் போட்டுவிட்டு அப்படியே யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகள் என் வகுப்பிலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டீச்சர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை