ஒரே ஒரு எழுத்து மாறினா

ஆசிரியர் சாருக்கு வணக்கம், நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட இருக்குற சிக்கிள் செல் நோய் ஒட்டிக்கும்னு சிலர் நெனைக்கிறாங்க, ஒட்டவே ஒட்டாது சார், அது ஜீன்ல வர்றது. டிஎன்ஏ எழுத்த மூணு மூணா படிச்சுதான் செல் புரோட்டீன் செய்யுது, ரத்தத்துல ஆக்சிஜன சுமக்குற ஹீமோகுளோபின்ங்கிற புரோட்டீனோட பீட்டா ஜீன்ல ஜிஏஜினு இருக்க வேண்டிய மூணு எழுத்து ஜிடிஜினு ஆயிட்டா அந்த புரோட்டீன்ல குளூட்டாமிக் அமிலம்ங்கிற துண்டு இருக்குற இடத்துல வேலின்ங்கிற வேற துண்டு வந்து உக்காந்துக்கும், அப்புறம் ஆக்சிஜன் கொறஞ்சா வட்டமா இருக்குற ரத்த செல் அரிவாள் மாதிரி வளைஞ்சு சின்ன ரத்தக்குழாய்ல அடைச்சுக்கும், வலி உயிர் போகும். அம்மா அப்பா ரெண்டு பேருமே அந்த மாறுன ஜீன குடுத்தா நோய், ஒருத்தர் மட்டும் குடுத்தா பெரும்பாலும் நல்லாதான் இருப்பாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ரத்த டெஸ்ட் எடுக்க சொல்லி எழுதுங்க சார், அந்த நோய் இருக்குற புள்ளைங்கள தள்ளி உக்கார வைக்காதீங்கனும் சேத்து எழுதுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோத்தகிரி