கேமரன் மலை: கூரையைப் பார்த்தோம், கால்வாயைப் பார்த்தோமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கினால் வாசகர் பக்கத்தில் மலேசியாவின் கேமரன் மலை பற்றி இரண்டு புகார்கள் தவறாமல் வந்துவிடும். மலை முழுக்கக் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரை, பச்சையே கண்ணில் படவில்லை என்பது ஒன்று. நவம்பர் வந்தாலே சிங்கப்பூர் தேக்கா சந்தையில் முட்டைக்கோசுக்கும் சாய்சிம் கீரைக்கும் விலையை ஏற்றிவிடுகிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் மழைதான். கூரையைக் கண்டு முகம் சுளிப்பவர்கள், அந்தக் கூரையிலிருந்து வழியும் தண்ணீர் எங்கே போகிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை. குறை சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

கேமரன் மலையின் பிரிஞ்சாங் ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இரவில் 15, 16 டிகிரிவரை இறங்கும். அந்த வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை கொட்டும். ஏப்ரல், மே ஒரு பருவம். அக்டோபர், நவம்பர் அதைவிடக் கனத்த பருவம். குளிரும் ஈரமும் சேர்ந்தால் தக்காளி இலை காயவே காயாது. இலை சில மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தாலே கருகல் நோய்ப் பூஞ்சை முளைத்துவிடும். திறந்தவெளியில் பயிரிடுகிறவர் பூஞ்சை மருந்தை அடிப்பார், அடுத்த மழை கழுவிவிடும், மறுபடி அடிப்பார். கூரை போட்டால் இலை உலர்ந்து நிற்கும், மருந்தும் குறையும். ஆக, மருந்து குறைந்த காய்கறியும் வேண்டும், கூரையும் கண்ணில் படக்கூடாது என்றால் இரண்டும் ஒன்றாக நடக்காது.

கூரைக்கும் கோளாறு உண்டு. புற ஊதாக் கதிர் தாங்கும் தாள் என்றாலும் இரண்டு மூன்று ஆண்டில் மங்கி, காற்றில் கிழியும். அடியில் மழை படாததால் போட்ட உரத்தின் உப்பு மண்ணில் தங்கிவிடும். இலை ஓரம் கருகினால் பலர் நோய் என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். நல்ல தண்ணீரை நிறையப் பாய்ச்சி உப்பைக் கீழே இறக்குவதுதான் வைத்தியம். முட்டைக்கோசுக்குப் பெரும்பாலும் கூரை கிடையாது. அதனால்தான் அடைமழையில் முதலில் அடிவாங்குவது கோசு.

இப்போது தண்ணீர்க் கணக்கு. ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதன்மேல் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2 லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தொட்டி லாரியில் இருபது நடை. காடாக இருந்தால் இலையும் சருகும் மண்ணும் அதில் பெரும்பகுதியை உறிஞ்சி மெல்ல விடும். பிளாஸ்டிக் ஒரு துளியைக்கூட உறிஞ்சாது. அத்தனையும் கூரை ஓரத்தில் ஒரே கோடாக விழும். அங்கே நீரைப் பிடித்து வழிநடத்தும் தகரப் பீலி இல்லையென்றால் ஒரே பருவத்தில் முழங்கால் ஆழத்துக்கு மண் அரித்திருப்பதைப் பார்க்கலாம். பீலி இருந்தும், அது வெறும் மண் வாய்க்காலில் போய் விழுந்தால் பயன் பாதிதான். சரிவில் நேராக இறங்கும் மண் வாய்க்கால் தன்னைத் தானே வெட்டிக்கொண்டு போகும். வாய்க்காலைச் சரிவுக்குக் குறுக்காக, மெல்லிய சாய்வில் எடுத்து, இறங்கும் இடத்தில் படிப்படியாகக் கல்லோ கான்கிரீட்டோ போட்டு, அடியில் வண்டல் தொட்டி ஒன்று கட்ட வேண்டும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அந்தத் தொட்டியைத் தோண்டி, வண்டலை மேலே பாத்திக்கே ஏற்ற வேண்டும். கட்டுவதைவிடக் கடினமானது இந்தத் தோண்டுகிற வேலை. நிரம்பிய தொட்டி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

தோண்டாத மண் ஆற்றில் இறங்கி, கடைசியில் ரிங்லெட் ஏரியில் படிகிறது. 1963ல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணைக்குப் பின்னால் தேங்கும் நீர்த்தேக்கம் அது. வண்டல் ஏற ஏற, மழைநீரைத் தாங்கிப் பிடிக்க இடம் குறையும். 2013 அக்டோபர் 23ஆம் தேதி நள்ளிரவு கடந்து அணையைத் திறந்துவிட்டபோது, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் போயின. மறு ஆண்டு நவம்பரில் அதே வட்டாரத்தில் மீண்டும் சேற்று வெள்ளம்.

தெரிந்தும் விவசாயிகள் ஏன் கட்டுவதில்லை என்று கேட்கலாம். அங்குள்ள தோட்டங்களில் பெரும்பகுதி நெடுங்காலமாக ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தில் நடந்தவை. அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர் மூங்கிலும் பிளாஸ்டிக்கும் வாங்குவார், கான்கிரீட் வாங்க மாட்டார். நிரந்தரக் கட்டடம் எழுப்பவும் அந்த உரிமம் இடம் தராது. பேராசை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அனுமதியே இல்லாமல் காட்டை வெட்டுகிறவர்களுக்கு அந்தச் சொல் பொருந்தும், எல்லாருக்கும் பொருந்தாது.

ஈத் தொல்லையைப் பற்றியும் பலர் எழுதுகிறார்கள். மலையை வெட்டிப் படிக்கட்டு நிலமாக்கும்போது மேல்மண் போய், சத்தில்லாத அடிமண் வெளியே வருகிறது. அதைத் தேற்றச் சமவெளிப் பண்ணைகளிலிருந்து கோழி எரு ஏற்றி வருகிறார்கள். பச்சை எருவை அப்படியே போட்டால் அம்மோனியா வேரைக் கருக்கும், ஈயும் மொய்க்கும். வெப்பமான இடத்தில் 7 முதல் 10 நாளில் முட்டை ஈயாகிப் பறந்துவிடும். மலைக்குளிரில் இன்னும் சில நாள் ஆகும். எருவை மரத்தூளோடு கலந்து குவித்து, நடுவே 55 டிகிரிக்கு மேல் சூடேற விட்டு, புரட்டிப் புரட்டி மக்க வைத்தால் புழு செத்துவிடும். ஈரப்பதம் பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கினால் போதும்: உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக்கூடாது.

விலை ஏறுவதற்கு மண்ணுக்குள்ளும் காரணம் இருக்கிறது. கோசுச் செடி மதியம் வாடி மாலையில் நிமிர்ந்தால் பிடுங்கிப் பாருங்கள். வேர் இஞ்சிக் கிழங்குபோலப் பருத்திருந்தால் வேர்முடிச்சு நோய். அதன் வித்துகள் பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைத்தால் அடங்கும், ஒழியாது. தக்காளி பச்சையாகவே வாடினால் தண்டின் அடியில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் அசையாமல் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல்போல இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தப் பாத்தியில் இனி தக்காளி, மிளகாய், கத்தரி வேண்டாம். மழைநீர் மேல்பாத்தியிலிருந்து கீழ்ப்பாத்திக்கு ஓடினால் இரண்டு நோயும் கூடவே ஓடும். வாய்க்கால் சரியில்லாத தோட்டத்துக்கு இது இரண்டாவது தண்டனை.

பறித்த பிறகும் மழை விடுவதில்லை. நனைந்த கோசைக் கூடையில் அடைத்தால் வழியிலேயே அழுகும். ஒன்று அழுகினால் நாற்றம் கூடை முழுக்க ஏறும். வெளி இலை மூன்று நான்கை உரிக்காமல் விட்டு, நீர் வடிந்தபின் அடுக்க வேண்டும். சேற்றுச் சரிவிலிருந்து பழைய லேண்ட்ரோவரில் கொட்டகைக்கு இறக்கி, அங்கே தரம் பிரித்து, லாரியில் ஏற்றி, இரவோடு இரவாக ஏறத்தாழ 550 கிலோமீட்டர் ஓட்டி வந்தால்தான் விடியுமுன் சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் இறக்க முடியும். மலையிறங்கும் தாப்பா சாலையில் மண் சரிந்தால் சிம்பாங் பூலாய் வழியாகச் சுற்ற வேண்டும். சந்தைக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வரும் சரக்கு அன்றைய விலையை இழந்துவிடும்.

இங்கேதான் நாமும் வருகிறோம். டிசம்பர் விடுமுறையில் பிரிஞ்சாங்கில் கார்கள் நகராமல் நிற்கும் அதே பின்மாலையில்தான் காய்கறி லாரிகளும் அந்த ஒற்றைச் சாலையில் இறங்கப் பார்க்கின்றன. உங்கள் பயணக் குறிப்புகளில் ஸ்ட்ராபெரி பறிக்கும் இடங்களோடு ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்: ஊர் திரும்பும் நாளில் மதியத்துக்குள் மலையிறங்கிவிட வேண்டும்.

இப்படிக்கு,
காய்கறி வணிக வாசகர்,
சிங்கப்பூர்