எதிர்வீட்டுப் பையன்களுக்குச் சம்பளம் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் வந்த தைவான் பயணக் கட்டுரையை ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். நாங்கள் ஆறு வருடமாகக் குடியிருக்கும் சின்ச்சு நகரத்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் குறைவு. ஊரின் ஓயாத காற்று, அரிசிச் சேமியா, சிப் தொழிற்சாலைகள் எல்லாம் சரியாகவே வந்திருந்தன. ஆனால் சிக்னலில் பார்த்த இரண்டு வெள்ளைச் சட்டைப் பையன்களைப் பற்றிய பத்தியைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. அவர்கள் அமெரிக்காவிலிருந்து சம்பளம் வாங்கிக்கொண்டு மதத்துக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் என்றும், பல பெண்டாட்டி கட்டுகிற மதத்துக்காரர்கள் என்றும் போகிறபோக்கில் எழுதிவிட்டார் கட்டுரையாளர். இரண்டுமே தவறு. மோர்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபைக்காக மத ஊழியம் செய்ய வருகிற பையன்கள் அவர்கள். அதே சபைப் பையன்கள் எங்கள் எதிர்வீட்டில் இருக்கிறார்கள். ஒரே மாடி, நடுவில் ஒரு மெல்லிய சுவர். அவர்களுடைய வாரம் முழுவதும் எனக்குத் தெரியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் சம்பளம். மோர்மன் சபை இளைஞர்கள் ஊழியத்துக்குப் போகும்போது பணம் வாங்குவதில்லை, கட்டுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு 2020 ஜூலை முதல் மாதம் 500 டாலர். அதற்கு முன் 400. அந்தப் பணம் பொதுவில் சேர்ந்து எல்லா நாடுகளுக்கும் பிரிகிறது. அதனால் டோக்கியோ மாதிரி செலவு கூடிய ஊருக்குப் போகிறவனும் மலிவான ஊருக்குப் போகிறவனும் ஒரே தொகைதான் கட்டுகிறார்கள். எதிர்வீட்டில் இருந்த ஒரு பையன் பள்ளி முடித்ததும் டயர் கடையில் ஒரு வருடம் வேலை பார்த்துப் பாதிப் பணம் சேர்த்தானாம். மீதியை அப்பா கட்டுகிறார். எந்த நாடு என்று அவர்கள் கேட்டு வாங்க முடியாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் சபைத் தலைமையகம் எந்த ஊர் என்று சொல்கிறதோ அந்த ஊர். ஆண்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு ஒன்றரை வருடம். பலதார மணத்தை அந்தச் சபை 1890-லேயே கைவிட்டுவிட்டது. இப்போது யாராவது அப்படிச் செய்தால் சபையை விட்டே நீக்கிவிடுவார்கள். இன்னொன்று, 2018-இலிருந்து தங்களை மோர்மன் என்று கூப்பிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறார்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதுதான் முழுப் பெயர். வாசகர்களுக்குப் புரிய வேண்டுமே என்றுதான் மேலே பழைய பெயரைப் போட்டேன்.

சரி, அவர்களுடைய வாரம். திங்கட்கிழமை காலையில் எதிர்வீட்டில் வாஷிங் மெஷின் ஓடும். சற்று நேரத்தில் பால்கனியில் வெள்ளைச் சட்டைகள் வரிசையாகத் தொங்கும். இந்த ஊர்க் காற்றுக்குச் சட்டைக் கைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். கிளிப் போதாமல் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டு வாங்கிப்போனதுதான் எங்கள் முதல் பழக்கம். எட்டு மணிக்கு வீட்டுக்குப் போன் பேசுவார்கள். இங்கே திங்கள் காலை என்றால் யூட்டாவில் ஞாயிறு சாயங்காலம். ஒரு பையனின் அம்மா அங்கே நாயைத் தூக்கி கேமராவுக்கு முன்னால் காட்டுவாராம். எனக்கு அவன் அந்த நாயின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடும் சத்தம் மட்டும் சுவர் தாண்டிக் கேட்கும். வாரம் ஒரு முறை பேச அனுமதி வந்ததே 2019 பிப்ரவரியில்தான். அதற்கு முன் கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, அன்னையர் தினத்துக்கு ஒரு தடவை, அவ்வளவுதான். மற்ற நாளில் மின்னஞ்சல். கும்பகோணத்திலிருந்து என் அம்மா எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை பேசுகிறார். பத்தொன்பது வயசுப் பிள்ளையின் குரலை வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் கேட்டுக்கொண்டு அந்தத் தாய்மார்கள் எப்படி இருந்தார்களோ, என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை மதியம் மார்க்கெட், முடிவெட்டு, கூடைப்பந்து. மாலை ஆறு மணிக்குத் திரும்பவும் டை கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

மற்ற நாளெல்லாம் காலை ஆறரைக்கு விளக்கு எரியும், ராத்திரி பத்தரைக்கு அணையும். பத்து மணி வரை வேதப் படிப்பு, அப்புறம் சீனப் படிப்பு. யூட்டாவில் ப்ரோவோ என்ற ஊரில் ஒன்பது வாரம் மாண்டரின் கற்றுக்கொடுத்து அனுப்புகிறார்கள். ஒரே எழுத்தை நாலு விதமாக இழுக்க வேண்டிய மொழிக்கு ஒன்பது வாரம் எந்த மூலைக்கு? புதிதாக வந்த பையன் மாடிப்படியில் எங்கள் வீட்டுக்கார அம்மாவை நிறுத்தி ஒரு வார்த்தையைச் சொல்லிக் காட்டுவான். அவர் திருத்துவார். அவன் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டு மறுபடி சொல்வான். இருபது படி ஏற அவர்களுக்குக் கால்மணி நேரம் ஆகும்.

தனியாக எங்கேயும் போகக் கூடாது. கடைக்குப் போனாலும் இருவர்தான். யாருடன் யார் என்பதை அவர்களுக்குப் பொறுப்பாக இருக்கும் சபைப் பெரியவர் முடிவு செய்கிறார். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை மாற்றல் பட்டியல் வரும். பெயருக்கு முன்னால் எல்டர் என்று போட்டுக்கொள்கிறார்கள், நம் ஊர்ச் சபைகளில் மூப்பர் என்பார்களே, அதே சொல். சட்டையில் குத்தியிருக்கும் கறுப்பு வில்லையில் குடும்பப் பெயர் மட்டும்தான் இருக்கும். இத்தனை பேர் வந்து போயும் ஒருவருடைய சொந்தப் பெயர்கூட எனக்குத் தெரியாது.

டீ, காபி அவர்களுக்குக் கூடாது. தைவானில் எந்த வீட்டுக்குப் போனாலும் உட்கார்ந்ததும் தேநீர்தான் வரும். ஒவ்வொரு வீட்டிலும் அதை மனம் நோகாமல் மறுத்துவிட்டுத் தண்ணீர் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் நான் மோர் கொடுப்பேன், கறிவேப்பிலையைக்கூட ஒதுக்காமல் குடிப்பார்கள். என் கணவர் வீட்டில் இல்லாத நேரம் என்றால் வாசலைத் தாண்ட மாட்டார்கள், டம்ளரை மாடிப்படியிலேயே நின்று வாங்கிக்கொள்வார்கள். அது அவர்கள் விதி.

புதன்கிழமை மாலை தேவாலயத்தில் இலவச ஆங்கில வகுப்பு எடுக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மா நாலு வருடமாகப் போகிறார், வான்கூவரில் இருக்கும் பேரனோடு பேசுவதற்காக. அவர் இன்னமும் மாசு என்ற கடல் தெய்வத்தின் கோயிலில் ஊதுபத்தி ஏற்றுகிறவர்தான். ஞாயிறு ஆராதனை இரண்டு மணி நேரம். மாதத்தில் முதல் ஞாயிறு இரண்டு வேளை பட்டினி இருந்து, அந்தச் சாப்பாட்டுக் காசை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இதையெல்லாம் சொல்வதால் நான் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள், இன்றைக்கும் பிரதோஷம் விடுவதில்லை. மதம் மாற்றுவது எனக்கு உடன்பாடு இல்லை, அதை அந்தப் பையன்களிடமே சொல்லியிருக்கிறேன். அவர்களுடைய ஏற்பாட்டிலும் எனக்குப் பிடிக்காதது உண்டு. ஒரு பையன் சாப்பிடாமல், தூங்காமல் இளைத்துப்போனான். ஊருக்குப் போயிடேன்ப்பா என்றேன். பாதியில் திரும்பினால் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று கேட்டான். பதினெட்டு வயசில் புறப்படும் பிள்ளைக்கு அந்தப் பயத்தையும் சேர்த்து மூட்டை கட்டி அனுப்பக் கூடாது. அவர்களுடைய பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. இந்த ஊருக்கு வந்த புதிதில், வேறு தெருவில் நாங்கள் இருந்தபோது, இரண்டு பையன்கள் சிக்னலில் என்னிடமும் பேசினார்கள். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. வியாழக்கிழமை ஏழு மணிக்குப் பழக்கடை முனைக்கு வாருங்கள், கணவரையும் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போகும் எண்ணமே எனக்கு இல்லை. அது டிசம்பர் மாதம், சாரலும் காற்றும். ஏழு மணிக்கு நாலாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் இருவரும் மழைக்கோட்டோடு நிற்கிறார்கள். ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான், வருகிறவர்களுக்கு முகம் தெரியட்டும் என்றிருக்கலாம். ஏழரைக்குப் பார்த்தேன், நின்றார்கள். எட்டடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் இறங்கிப் போகவில்லை. எதிர்வீட்டுப் பையன்களிடம் இதைச் சொன்னபோது, வாரத்துக்கு நாலைந்து முறை இப்படி நடக்கும் என்று சாதாரணமாகச் சொன்னார்கள். பழக்கடை முனையில் நின்ற அந்த இருவரும் ஊழியம் முடிந்து எப்போதோ ஊர் திரும்பியிருப்பார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சம்பளம், பல மனைவிகள் என்ற அந்த இரண்டு வரிகளுக்கும் அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பையன்கள் கதவைத் தட்டினால், விருப்பம் இல்லையென்றால் வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வராத வியாழக்கிழமையை மட்டும் அவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சின்ச்சு, தைவான்