பாய்லருக்குள் இறங்குகிறவர்களைப் பற்றி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். ஓய்வு பெற்ற பிறகு படிக்க நிறைய நேரம் கிடைக்கிறது, ஆனால் மனம் பழைய வேலையைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. பாய்லரை நிறுத்திவிட்டு ஆட்கள் உள்ளே இறங்கி வேலை பார்க்கும் ஷட்டவுனுக்கு இந்த முறை நீதான் பொறுப்பு என்று படித்ததும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே பெரிய ஃபேனும் வாசலில் தண்ணீர் கேனும் வைத்தாயிற்று, போதுமா என்று கேட்டிருக்கிறாய். போதாது. நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. அதைவிடச் சூடான, ஈரம் நிறைந்த காற்றை ஃபேன் சுழற்றிக்கொண்டே இருந்தால் வியர்வை காயாமல் சொட்டும். சொட்டிய வியர்வையால் உடம்பு குளிராது. ஆள் இறங்கும் துளையான மேன்ஹோல் ஒன்றில் காற்றை ஊதும் புளோயர் குழாய் போட்டு வெளிக்காற்றை உள்ளே தள்ளு, எதிர்ப்பக்க மேன்ஹோல் வழியாக அது வெளியே போகட்டும். காற்றை இழுக்கும் வாய்க்கு அருகில் டீசல் இன்ஜின் எதுவும் ஓடக் கூடாது. உள்ளே மூச்சு முட்டுகிறது என்று யாராவது ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடப் போனால் கண்டிப்பாகத் தடுத்துவிடு, தீப்பற்ற ஒரு பொறி போதும்.

சாதாரண வெப்பமானியை நம்பாதே. குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் அளவு 31 டிகிரியைத் தாண்டினால், காற்றோட்டம் இல்லாத இடத்தில் சும்மா இருப்பவருக்கே உடல் சூடு ஏறுகிறது என்று பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஹால்டேன் 1905இலேயே எழுதிவிட்டார். இப்போது கூரைக்குக் கீழே வேலை என்றால் ஈரக்குமிழுக்கு 70 சதவீதமும், சுவரிலிருந்து வீசும் அனலைக் காட்டும் கறுப்பு உருண்டை வெப்பமானிக்கு 30 சதவீதமும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். கையடக்கக் கருவி இருக்கிறது, வாங்கச் சொல்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது வேறு. வெளியே வருவதா வேண்டாமா என்ற முடிவை உள்ளே இருப்பவரிடம் விடாதே. சூடு ஏற ஏற முதலில் தடுமாறுவது புத்திதான். “இன்னும் கொஞ்சம்தான், முடிச்சிட்டு வரேன்” என்று சொல்கிற ஆள் ஆபத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருக்கலாம், அது அவருக்கே தெரியாது. எத்தனை நிமிடம் உள்ளே, எத்தனை நிமிடம் வெளியே என்று இறங்கும் முன்பே எழுதிவிட வேண்டும். வாசலில் நிற்பவர் கடிகாரம் பார்த்துக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் வந்தே தீர வேண்டும். வேலையை அளந்து கூலி கொடுக்கிற காண்ட்ராக்டாக இருந்தால் யாரும் தானாக வெளியே வரமாட்டார்கள். அதனால் ஓய்வு நேரத்துக்கும் கூலி உண்டு என்று முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடு.

புது ஆட்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம், பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டலாம் என்பது தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சொல்லும் கணக்கு. ஷட்டவுன் அன்று காலையில்தான் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள், அன்றே முழு ஷிப்டும் வாங்குவார்கள். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

தண்ணீர் கால் மணிக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒரு டம்ளர் போதும், மொத்தமாக லிட்டர் கணக்கில் குடிக்கவிடாதே. இறங்கும் முன் உள்ளே இருக்கும் காற்றைச் சோதிக்கும் கேஸ் டெஸ்ட் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நெடுநாள் மூடிக் கிடந்த கலன் என்றால் துருவே ஆக்சிஜனைத் தின்றிருக்கும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் யாரையும் இறக்காதே.

அப்புறம், யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவர் பாய்ந்து இறங்கக் கூடாது. இப்படி அடைபட்ட இடங்களில் செத்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று நியோஷ் 1986இல் எச்சரித்தது. இடுப்புப் பட்டை, கயிறு, தூக்கும் கருவி எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். சூட்டில் உளறுகிறார், தடுமாறுகிறார் என்றால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுச் சும்மா காத்திருக்காதீர்கள். அந்த இடத்திலேயே குளிர்ந்த நீரில் உடம்பை முக்கி, சூட்டை இறக்கிய பிறகு அனுப்புங்கள். வாசலருகே ஒரு பெரிய தொட்டியும் ஐஸும் வைத்துவிடு.

உள்ளே இறங்க அனுமதி தரும் உங்கள் பெர்மிட் படிவத்தில் உள்ளே-வெளியே நேரம் எழுதக் கட்டம் இருக்கிறதா? இல்லையென்றால் பேனாவால் கோடு போட்டாவது சேர்த்துவிடு. மேலிடத்தில் என்ன சொன்னார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராஜு